ஏற்காட்டு ஏற்றமும் பெட்ரோல் கணக்கும்: ஓட்டும் சுகத்தை விடாமல் செலவை அடக்க ஒரு முழு வழிகாட்டி

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மழை பெய்து ஓய்ந்தால் போதும், சேலம் கோரிமேட்டுப் பக்கம் நின்று பார்த்தாலே, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை மேல் மேகம் உட்கார்ந்திருப்பது தெரியும். வண்டி ஓட்டப் பிடித்தவர்களுக்கு அப்போதே கை துறுதுறுக்கும். கூடவே பெட்ரோல் விலையும் ஞாபகத்துக்கு வரும். "ஏத்தத்துல வண்டி பெட்ரோலைக் குடிச்சுத் தள்ளிடும், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை நான் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

பிறகு ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். எழுத எழுதத்தான் புரிந்தது: நான் பயந்த அளவுக்கு மலை கேட்கவில்லை. ஊருக்குள் கவனிக்காமல் கொட்டியதுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியின் அடிப்படை ஒன்றே ஒன்று. ரசிக்க முடியாத கிலோமீட்டர்களில் சிக்கனம் பிடியுங்கள், மலையில் மனசு நிறைய ஓட்டுங்கள். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கணக்கு சுலபமாக இருக்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டு வண்டி, நாலு பேர் உட்கார்ந்த ஒரு சின்ன பெட்ரோல் கார். பைக் ஓட்டுகிறவர்களுக்கும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

படி 1: உங்கள் வண்டியின் நிஜ மைலேஜ்

கம்பெனி சொல்கிற மைலேஜ் சோதனைக்கூடத்தில் எடுத்தது. டாஷ்போர்டு காட்டுவதும் பல வண்டிகளில் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். டேங்க் ஃபுல் கணக்குதான் நம்பகமானது. பங்க்கில் நாசில் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள், டிரிப் மீட்டரை ஜீரோவாக்குங்கள், இருநூறு முன்னூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். 312 கிலோமீட்டருக்கு 26 லிட்டர் பிடித்தால் 12.

நாசில் நின்ற பிறகு "ரவுண்டாக்கிடலாங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணக்கும் கெடும், மேலே ததும்புகிற பெட்ரோல், டேங்க்கின் ஆவியைப் பிடித்துவைக்கிற குப்பிக்குள் போய் அதையும் கெடுக்கும்.

ஊருக்குள் ஓடியதற்கு ஒரு எண், நெடுஞ்சாலைக்கு ஒரு எண் என்று இரண்டாக எடுத்து வையுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

படி 2: வேலைக்கு ஓடுவது தனி, ஆசைக்கு ஓடுவது தனி

மாதம் முழுக்க ஓடுகிற கிலோமீட்டரை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஆபீஸ், பள்ளிக்கூடம், மார்க்கெட் எல்லாம் வேலைப் பத்தியில். மலை, நண்பர் வீடு, சும்மா ஒரு நீண்ட ஓட்டம் எல்லாம் ஆசைப் பத்தியில். பெரும்பாலானவர்களுக்கு ஆசைப் பத்தி ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். ஆபீஸ் போய்வர தினம் 24 கிலோமீட்டர். ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி பக்கமெல்லாம் நின்று நின்று போகிற காருக்கு லிட்டருக்கு 12 கிடைக்கிறது. வாரத்தில் மூன்று நாள் காரை வீட்டில் நிறுத்திவிட்டு, 50 கொடுக்கிற பைக்கில் போகிறீர்கள் என்றால் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள், 288 கிலோமீட்டர். காருக்கு 24 லிட்டர், 2,400 ரூபாய். பைக்குக்கு ஆறு லிட்டர்கூட ஆகாது, 600 ரூபாய்க்குள். மிச்சம் 1,800. அடுத்த படியில் சொல்லப் போகிற கணக்குப்படி, அதில் நாலு தடவை ஏற்காடு போய் வந்துவிடலாம், மேலே காப்பி குடிக்கவும் காசு இருக்கும்.

டவுன் பஸ் வசதி இருக்கிறவர்களுக்கு மிச்சம் இன்னும் கூடும். பைக் இல்லாதவர்கள் காலையில் இருபது நிமிடம் முன்னால் கிளம்பிப் பாருங்கள், சிக்னலில் நிற்கும் நேரம் குறைந்தாலே வித்தியாசம் தெரியும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். சின்ன கார் சும்மா நின்று உறுமினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகும், ஏசி போட்டிருந்தால் இன்னும் கூடுதலாக.

படி 3: மலை எவ்வளவு கேட்கும்?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நடுவில் ஏறக்குறைய 1,200 மீட்டர். காரும் ஆட்களும் சாமானும் சேர்த்து 1,300 கிலோ என்றால், அவ்வளவு எடையை அந்த உயரத்துக்குத் தூக்கிவைக்க 15 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் அளவு சக்தி இருந்தாலும், அதில் கால் பங்கு சொச்சம்தான் சக்கரத்துக்கு வந்து சேரும். மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஆக, தூக்கிவைப்பதற்கு மட்டும் ஒன்றே முக்கால் லிட்டர். சாலையில் உருள்வதற்கும், வளைவில் வேகம் குறைத்து மறுபடி எடுப்பதற்கும், அடிவாரம் வரை ஊருக்குள் ஓடுவதற்கும் சேர்த்து, ஏறும்போது மூன்று லிட்டர் சொச்சம் ஆகும். இறங்கும்போது முக்கால் லிட்டர்கூட ஆகாது. போய்வர அறுபது கிலோமீட்டர், நாலு லிட்டர், 400 ரூபாய். இரண்டு பேர் ஏறிய நூறு சிசி பைக் என்றால் ஒன்றரை லிட்டருக்குள் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தூக்கிவைக்கிற செலவு, மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் மாறாது. அது மலைக்குக் கட்டுகிற வரி. ஓட்டுகிற விதத்தால் மாறுவது மேற்கொண்டு ஆகிற பங்கு மட்டும்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் 15 வேகத்துக்கு இறங்கி மறுபடி 50-க்கு விரட்டுவதற்கும், 35-க்கு நிதானமாக எடுப்பதற்கும், இருபது வளைவுக்கும் சேர்த்து வித்தியாசம் இருபது ரூபாய்க்குள்தான் வரும். அதற்காக மலையில் பதறிப்பதறி, பின்னால் வருகிறவர்களை எரிச்சல்படுத்தி ஆமை மாதிரி ஊர்ந்து போக வேண்டியதில்லை.

படி 4: முதல் நாள் ராத்திரி வேலை

டயரில் காற்று முதலில். ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆள் நிறைந்த வண்டிக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதை வையுங்கள். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பிடிப்பதுதான் சரியான அளவு. மதிய வெயிலில் ஓடி வந்து பிடித்தால் மூன்று நாலு பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் காலையில் குறைந்து நிற்கும். காற்று குறைந்த டயர் பெட்ரோலையும் தின்னும், வளைவில் வண்டியையும் நெளியவிடும். ஓட்டுகிற சுகம் முதலில் கெடுவது அங்கேதான்.

டிக்கியைக் காலி செய்யுங்கள், ஆனால் அதிலேயே மூழ்கிவிட வேண்டாம். நூறு கிலோவை மேலே தூக்க ஆகிற செலவு 14 ரூபாய்தான். பாட்டியைக் கூட்டிப்போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால், மலைக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

படி 5: நேரமும் வழியும்

காலை ஐந்தரை மணிக்குக் கிளம்புங்கள். இதைவிடப் பெரிய சிக்கனம் வேறு கிடையாது. ஞாயிறு பத்து மணிக்கு மேல் போனால், வளைவில் வரிசை நிற்கும். ஏற்றத்தில் நின்று, ஹாஃப் கிளட்ச்சில் தொங்கி, முதல் கியரில் பத்தடி நகர்ந்து மறுபடி நிற்பதில் பெட்ரோலும் போகும், கிளட்ச் தட்டும் தேயும். விடியலில் போனால் சாலையும் உங்களுடையது, இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றும் கிடைக்கும்.

ஏறுவதற்கு அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழி. இறங்குவதற்கு நேரம் இருந்தால் குப்பனூர் வழி. கொஞ்சம் சுற்றுதான், ஆனால் வண்டி நடமாட்டம் குறைவு, அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுவந்து விடும். அந்த வழியில் இறங்கும்போதுதான் நான் மலையை நன்றாகப் பார்த்திருக்கிறேன். கோடை விழா நாட்களில் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று இரண்டையும் ஒருவழியாக்குவதுண்டு. மே மாதம் போகிறவர்கள் அடிவாரத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

படி 6: ஏற்றம்

அடிவாரம் தாண்டியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். முப்பது நாற்பது வேகத்தில் கண்ணாடி திறந்திருப்பதால் காற்றின் தடை பெரிதாகக் கூடாது. ஏசி பிடித்திழுக்கிற பலமும் இன்ஜினுக்குத் திரும்பக் கிடைக்கும். இன்னொரு காரணம், இன்ஜின் சத்தம் காதில் விழ வேண்டும். மலையில், நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்.பி.எம். முள்ளைவிடக் காதுதான் சரியான வழிகாட்டி. இன்ஜின் முக்கினால், உடம்பு அதிர்ந்தால், கியர் பெரிது. அப்போது ஆக்ஸிலேட்டரை மிதித்து அழுத்துவது வீண், ஒரு கியர் இறக்குங்கள். பெட்ரோல் கார் 2,000-க்கும் 3,000-க்கும் நடுவில் சுழன்றால் நிம்மதியாக ஏறும். பெரிய கியரில் போனால் மைலேஜ் வரும் என்பது சமதளத்துக்குச் சொன்ன பேச்சு.

அப்புறம் வளைவுகள். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது வலது பக்கம் திரும்புகிற வளைவு நமக்கு வெளிவட்டமாக, அகலமாக, மெதுவான ஏற்றமாகக் கிடைக்கும். இரண்டாவது கியரில் ஒரே இழுப்பில் போய்விடலாம். இடது பக்கம் திரும்புகிற வளைவு உள்வட்டம். குறுகலும் அதிகம், ஏற்றமும் செங்குத்து. பெரும்பாலும் வண்டி திணறி நிற்பது அங்கேதான். அதனால் இடது வளைவு வருகிறது என்றால், திரும்ப ஆரம்பிக்கும் முன்னாலேயே கியரை இறக்கிவிட வேண்டும். பாதி வளைவில் கியர் தேடினால் வேகம் செத்துப்போகும். செத்த வேகத்தை மறுபடி எடுப்பதுதான் பெட்ரோல்.

வளைவுக்கு முன்னால் தலையை நிமிர்த்தி மேல் சாலையைப் பாருங்கள். பஸ் இறங்கி வருவது பெரும்பாலும் தெரியும். தெரிந்தால் வளைவுக்குக் கீழேயே ஒதுங்கி நில்லுங்கள், பஸ்ஸுக்குத் திரும்பச் சாலை முழுக்க வேண்டும். மற்றபடி மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, மோட்டார் வாகன விதியே அப்படித்தான் சொல்கிறது. பயந்து எல்லாவற்றுக்கும் நிறுத்த வேண்டாம், ஹாரன் கொடுத்துவிட்டு நிதானமாக ஏறுங்கள்.

சரியான கியர், சரியான இடத்தில் திருப்பம், பிரேக்கே தொடாமல் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு வண்டி வழுக்கிக்கொண்டு போவது... இதற்காகத்தான் மலைக்கு வருகிறேன். பெட்ரோல் குறைவாக ஆகிற ஓட்டமும் இதே ஓட்டம்தான் என்பது எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாற்றும் வகை), ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் மேனுவல் மோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வளைவு நடுவில் அது இரண்டா மூன்றா என்று தடுமாறும். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் பிடிக்காதீர்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். மேலே போகப்போக வண்டி கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்கும். 1,500 மீட்டரில் காற்று லேசாகிவிடுவதால் டர்போ இல்லாத இன்ஜின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பலம் இழக்கும். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

படி 7: மேலே போனபின்

இங்கேதான் பலர் சேர்த்ததைக் கோட்டைவிடுகிறார்கள். ஏரி, லேடீஸ் சீட், மறுபடி ஏரிப்பக்கம் சாப்பாடு, அங்கிருந்து பகோடா பாயிண்ட் என்று ஒண்டிக்கடை ரவுண்டானாவை நாலைந்து முறை சுற்றுவார்கள். ஒரு பக்கம் இருப்பதை எல்லாம் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். ஏரியும் அண்ணா பூங்காவும் நடந்தே பார்க்கிற தூரம்.

மிச்சமான பெட்ரோலை 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் செலவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், நிழலுக்கு நெடுநெடுவென்று சில்வர் ஓக், அதன் மேல் சுற்றிய மிளகுக் கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பிதான் இன்று மலை முழுக்க நிற்கிறது. மார்ச், ஏப்ரலில் முதல் மழைக்குப் பிறகு போனால் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி ஒரு வாசம் சாலைக்கே வரும். மூன்றாவது கியர், முப்பத்தைந்து வேகம், கண்ணாடி இறக்கியிருக்கட்டும். வேகமாகப் போனால் அந்த வாசம் கிடைக்காது.

படி 8: இறக்கம்

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

கார் வாங்கிய முதல் வருஷம், பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்கினேன். பாதி மலை வருவதற்குள் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாசனை. 60 அடி பாலத்துக்குப் பக்கத்தில் பிரேக்கை மிதித்தேன், பெடல் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போனது. எப்படியோ ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. பின் சீட்டில் அம்மா. முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அடிவாரத்து டீக்கடையில் இதைக் கேட்ட ஒரு பஸ் டிரைவர் சொன்னார்: "ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி. பிரேக்கு வண்டிய நிறுத்தறதுக்கு. எறக்கறதுக்கு இன்ஜின் இருக்குது."

நியூட்ரலில் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையே இன்றைய வண்டிகளில் தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரல் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். கண்ணால் பார்க்க வேண்டுமா? நொடிக்கு நொடி மைலேஜ் காட்டும் மீட்டர் இருந்தால், இரண்டாவது கியரில் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் எண் ஏறி 99.9-இல் முட்டி நிற்கும், அதற்கு மேல் காட்ட மீட்டரில் இடமில்லை. அதே இடத்தில் கிளட்ச்சை மிதித்தால் சட்டென்று ஐம்பது அறுபதுக்கு விழும். இன்ஜெக்டர் வைத்த பைக்குகளும் பொதுவாக இப்படித்தான். பழைய கார்புரேட்டர் வண்டியில் கொஞ்சம் பெட்ரோல் போகும், ஆனாலும் கியரில்தான் இறங்க வேண்டும். தருமபுரியிலிருந்து வரும் தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் நியூட்ரலில் இறங்கி என்னவாகிறது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். ஸ்டீயரிங் இறுகும், பிரேக்குக்குக் கிடைக்கிற உதவியும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும்.

ஆக, முறை இது. கிளம்பும்போதே இரண்டாவது கியர். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாக, கொஞ்ச நேரம் மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் பிரேக்கைக் கருக்கும். கருகல் வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிப்போகும். அங்கே ஹேண்ட் பிரேக்கை இழுப்பதைவிட, இறக்கம் பார்த்து நிற்கிற வண்டிக்கு ரிவர்ஸ் கியர் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுப்பது நல்லது.

மின்சார வண்டிக்காரர்களுக்கு இறக்கம் ஒரு வரம், பேட்டரி தானாக ஏறும். மேலே நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்க வேண்டாம். நிறைந்த பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடமிருக்காது, வேலை முழுக்கப் பிரேக் தலையில் விழும்.

படி 9: வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு

பெங்களூரு, கோவை, உளுந்தூர்பேட்டை பக்கமிருந்து வருகிறவர்கள் மிச்சம் பிடிக்க வேண்டியது நாலுவழிச் சாலையில். 80-க்குப் பதில் 100-இல் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். நூறு கிலோமீட்டரில் மிஞ்சுவது பதினைந்து நிமிடம். அந்தச் சாலையில் வேகத்தால் கிடைக்கிற சுகமும் பெரிதாக ஒன்றுமில்லை. 80-85-இல் வந்து, மிச்சமானதை லூப் ரோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவதே மேல்.

மைலேஜ் கூட்டும் சொட்டு மருந்து, மாத்திரை எதையும் வாங்காதீர்கள். உங்கள் வண்டிக்குத் தேவை என்று கையேட்டில் போட்டிருந்தால் தவிர, விலை கூடுதலான பெட்ரோலும் வேண்டாம்.

படி 10: திங்கட்கிழமை காலை

ஆபீஸ் போகும் வழியில், கிளம்பிய அதே பங்க்கில் மறுபடி டேங்க் ஃபுல். கிலோமீட்டர், லிட்டர், எத்தனை பேர் போனோம், ஏறிய நேரம், இறங்கிய வழி என்று ஐந்து பத்தி போதும். மூன்று தடவை போய்வந்த பிறகு பாருங்கள், பத்து மணிக்கு ஏறிய நாளுக்கும் ஆறு மணிக்கு ஏறிய நாளுக்கும் லிட்டரில் வித்தியாசம் தெரியும். என் நோட்டில் ஆறாவதாக ஒரு பத்தி இருக்கிறது, அன்றைக்கு எந்த வளைவை நன்றாக எடுத்தேன் என்று எழுத. போன முறை எழுதியது: "பதினொன்றாவது. பிரேக்கே தொடவில்லை."